அரை மனசுக்கு அசையாத கை

டெல்லிபாபுவால் இப்போதெல்லாம் ஒரு கொசுவைக்கூட அரை மனதாக அடிக்க முடிவதில்லை. முழங்கையில் வந்து உட்காரும். அடிக்கலாமா, போனால் போகட்டுமா என்று ஒரு கணம் யோசித்தால் போதும், கை இருந்த இடத்திலேயே இருந்துவிடும். கொசு பாட்டுக்கு வயிறு முட்டக் குடித்துவிட்டு எழுந்து போகும். கொன்றே தீருவது என்று முடிவெடுத்தால் மட்டும் கை போய்ச் சரியாக விழும். புளியந்தோப்பிலேயே இத்தனை கொள்கைப் பிடிப்போடு கொசு அடிக்கிற ஆள் கிடையாது என்று மனைவி அமுலு சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கை வேறு மாதிரி இருந்தது. பார்க்கின்சன் நோய் முதலில் வலது கட்டைவிரலில்தான் வந்தது. அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழுக் கை. பாக்சிங் சொல்லித்தருகிறவனுக்கு வாயைவிடக் கைதான் முக்கியம். இரண்டு கையிலும் மெத்தை மாதிரி பேட் மாட்டிக்கொண்டு எதிரில் நின்று, வருகிற குத்தையெல்லாம் வாங்க வேண்டும். பேட் ஆடினால் குத்துகிறவளின் கண் ஆடும், கண் ஆடினால் குத்து ஆடும். டெல்லிபாபு கொஞ்ச நாள் தோள் துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஒப்பேற்றினார். மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, பிறகு அதுவும் கைவிட்டது. நோய் குரலையும் தின்றுவிட்டிருந்தது. ஒரு காலத்தில் அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்கும். இப்போது அவர் சொல்வதைக் கேட்க ஆள் பக்கத்தில் வர வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் ஹுமைரா கிடைத்தார். மூளைக்குள் மெல்லிய கம்பிகளை வைத்து நடுக்கத்தை அடக்கும் சிகிச்சை பழசு. இவர் வைத்திருந்தது அதன் அடுத்த தலைமுறை, சோதனையில் இருந்தது. மண்டைக்குள் கம்பி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி, வெளியே ஸ்கூட்டர் சாவி மாதிரி ஒரு ரிமோட். டெல்லிபாபு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அது எது நடுக்கம், எது தன்னுடைய அசைவு என்று எப்படிக் கண்டுபிடிக்கும் என்று மட்டும் கேட்டார்.

"நீங்க ஒண்ணை செய்யணும்னு நினைச்சா, கை நகர்றதுக்கு முன்னாடியே மூளைல ஒரு அலை எழும்பும் சார்" என்றார் ஹுமைரா. "அது தெளிவா இருந்தா இந்தக் கருவி வழி விட்டுடும். கலங்கலா இருந்தா, இது அவர் கேட்ட அசைவு இல்லைன்னு அமுக்கிடும். போகப் போக உங்களைக் கத்துக்கும்."

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி என்று டெல்லிபாபு அமுலுவிடம் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பேர்.

ஆபரேஷன் முடிந்து, கருவிக்கு அவரைப் பழக்கினார்கள். தொழிலுக்கு என்னென்ன அசைவு வேண்டுமோ அதையெல்லாம் பலமுறை செய்துகாட்டச் சொன்னார் டாக்டர். டெல்லிபாபு உற்சாகமாகச் செய்தார். ஜாப், ஹுக் என்று குத்து வகைகள், பேட் பிடிப்பது, கிளவுஸ் கயிறு கட்டுவது, ரவுண்ட் இடைவேளையில் தண்ணீர் பீய்ச்சுவது, ஐஸ் வைத்து ஒத்துவது. கூட வந்திருந்த அவருடைய மாணவி மோனிஷா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, துண்டு போடறதையும் காட்டிடுங்க மாஸ்டர் என்றாள்.

சட்டென்று டெல்லிபாபுவின் முகம் சுருங்கிவிட்டது. தன் ஆள் இனிமேல் தாங்க மாட்டாள் என்று தெரிந்தால் பயிற்சியாளர் ரிங்குக்குள் துண்டை வீசலாம். அதோடு சண்டை முடிந்தது, தோல்வி. டெல்லிபாபு வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் துண்டு போட்டதில்லை. மற்ற கிளப்காரர்கள் பொறாமையோடு சொல்கிற விஷயம் அது. அந்தத் துண்டைச் சும்மா வீசிப்பார்ப்பதே அபசகுனம் என்பது அவர் கட்சி. வாயக் கழுவு என்று மோனிஷாவைத் திட்டினார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த அசைவுக்குப் போய்விட்டார்.

மோனிஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டோக்களுக்கு பேட்டரி மாற்றித் தருகிற நிலையத்தில் அவளுக்கு வேலை. அதன் மாடியில்தான் டெல்லிபாபுவின் கிளப். நாள் முழுக்கக் கீழே பேட்டரி தூக்குவாள், சாயங்காலம் மேலே வந்து மூட்டையைக் குத்துவாள். தோளும் முதுகும் அங்கேயே திரண்டவை. மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை கிடைக்கும். வயது ஏறிக்கொண்டிருந்தது, அந்த வருஷம் விட்டால் இல்லை. டெல்லிபாபுவுக்கும் அதே கணக்குதான். பிள்ளை இல்லாத மனிதர். இந்தப் பெண்ணின் கழுத்தில் ஒரு பதக்கத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் கை நடுங்கினால்கூட நடுங்கட்டும் என்று நினைத்தார்.

மூக்கணாங்கயிறு வேலை செய்தது. முதல் நாள் பேட் பிடித்தபோது மோனிஷா இரண்டு குத்து குத்திவிட்டு நிறுத்தி, அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் அறைந்த மாதிரி நின்றது. கீழே ஒரு நாள் பேட்டரி ஒன்று தட்டிலிருந்து வழுக்கி ஒரு டிரைவரின் காலில் விழப்போனபோது, பக்கத்தில் நின்ற டெல்லிபாபு பாய்ந்து பிடித்தார். அந்த மாதிரி அசைவை அவர் கருவிக்குக் காட்டியதே இல்லை, ஆனாலும் விட்டது. டிரைவர் கும்பிடு போட்டார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பாக்சிங்கில் ஒரு வித்தை உண்டு. குத்துவது போலத் தோளை ஆட்டிவிட்டுக் குத்தாமல் விடுவது. எதிராளி அதற்குக் கையைத் தூக்கும்போது நிஜக் குத்து வேறு பக்கம் போகும். கிளப்பில் அதற்குப் பேர் டபாய்ப்பு, டெல்லிபாபுவின் டபாய்ப்பு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். இப்போது அது வரவில்லை. குத்தப்போகிறேன் என்று கிளம்பும்போதே குத்தமாட்டேன் என்றும் தெரிந்திருக்கிறதே, அந்த அலை கலங்கல். தோள் அசையவே இல்லை. மோனிஷா எதிரே காத்துக்கொண்டு நின்றாள். அன்று ஏதோ சாக்குச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டிலும் அதே கதை. மச்சினன் மகள் கல்யாணத்தில் மச்சினன் கையை நீட்டினார். டெல்லிபாபுவின் கை எழும்பவில்லை. உள்ளதைச் சொன்னால் அவருக்கு மச்சினனைக் கண்டாலே ஆகாது. எத்தனையோ வருஷமாகக் கையைப் பிடித்துக் குலுக்கிச் சமாளித்து வந்த சங்கதி, மண்டபம் முழுக்கப் பார்க்க அம்பலமாயிற்று. அமுலுவின் சமையல் சுமாராக இருக்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டுவார், அதுவும் நின்றது. கவலை வந்தால் கால் ஆட்டுவது, விரலில் சொடக்கு எடுப்பது, துண்டின் நுனியைக் கசக்குவது எல்லாம் போயே போய்விட்டன. உள்ளே மனசு நாய் மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும். வெளியே உடம்பு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் டெல்லிபாபு பக்குவப்பட்டுவிட்டார் என்றார்கள்.

டாக்டரிடம் அவர் எதையும் சொல்லவில்லை. சொன்னால் கருவியைத் திருகிவைப்பார், போட்டி நேரத்தில் பேட் ஆடும். ரிமோட் அமுலுவிடம்தான் இருந்தது, தாலிச்சரட்டில் ஊக்கு போட்டு மாட்டியிருந்தாள். படுக்கப்போகும்போது பெட்டியின் சார்ஜ் மிச்சமாகட்டும் என்று அணைப்பாள். தூக்கம் வரும்வரை கை நடுங்கும், அவள் பிடித்துக்கொள்வாள். நாள் முழுக்க அந்த ஒரு நேரத்தில்தான் தன் கை தன்னிடம் இருப்பதாக டெல்லிபாபுவுக்குத் தோன்றும். இதையும் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் இருந்தது. போட்டிக்கு முன்னால் நடந்த முகாமில், பயிற்சிச் சண்டையில் மோனிஷாவின் காதுக்கு மேல் ஒரு குத்து விழுந்தது. அவள் விழவில்லை. ஆனால் எப்போதும் இடது காலை முன்னால் வைத்து நிற்பவள், வலது காலை முன்வைத்து நின்றாள். அவளுக்கே தெரியவில்லை. ரிங்கை விட்டு இறங்கியதும், இன்னிக்கு இன்னா கிழமை மாஸ்டர் என்று கேட்டாள். மறுநாள் சரியாகிவிட்டாள். டாக்டரிடம் காட்டினால் போட்டிக்கு விடமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தை அவ்வளவு சுலபமாக விழுங்கிவிட்டார்கள்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் மோனிஷா பேட்டரி நிலையத்து வாசலில் அவரை நிறுத்தினாள்.

"மாஸ்டர், எது ஆனாலும் துண்டு மட்டும் போட்றாதீங்க. நான் எழுந்துப்பேன்."

டெல்லிபாபு தலையாட்ட நினைத்தார். தலை ஆடவில்லை. சரி என்று வாயால் சொன்னார். வாய்க்கு மூக்கணாங்கயிறு கிடையாது.

சண்டை நடந்த இடத்துக்கெல்லாம் அமுலு வந்ததே கிடையாது, இரத்தம் பார்த்தால் அவளுக்கு ஆகாது. இந்த முறை ரிமோட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் வந்து, அவர் கார்னருக்குப் பின்னால் முதல் வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிராளி தூத்துக்குடிப் பெண், நல்ல உயரம். முதல் இரண்டு ரவுண்டும் மோனிஷாவுக்குத்தான். அரங்கமே அவள் பேரைச் சொல்லிக் கத்தியது. மூன்றாவது ரவுண்டில் நின்று சமாளித்தாலே போதும், தங்கம்.

பாதி ரவுண்டு தாண்டியபோது அந்த ஹுக் வந்தது. காதுக்கு மேல், அதே இடத்தில். மோனிஷா இரண்டடி பின்வாங்கி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ரெஃபரி அவள் கண்ணைப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது, தொடரச் சொன்னார். ஜனம் கைதட்டியது.

டெல்லிபாபு அவள் காலைப் பார்த்தார். வலது கால் முன்னால் இருந்தது.

அந்த அரங்கத்தில் அது என்னவென்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தோளிலிருந்து துண்டை எடுத்தார். கயிற்றுக்கு மேலே கையை நீட்டினார். அதுவரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

போடு என்று நினைத்தார். இன்னும் கொஞ்ச நேரந்தான் என்றும் நினைத்தார். பிள்ளை செத்துப்போவாள் என்று நினைத்தார். ரயில்வே வேலை, அவள் கழுத்தில் பதக்கம், டெல்லிபாபு துண்டே போடாத மனுஷன் என்று சொல்லும் வாய்கள், எல்லாம் அதே கணத்தில் வந்து நின்றன. கை கல்லாக நின்றது. துண்டின் நுனி மட்டும் மின்விசிறிக் காற்றில் ஆடியது. தூத்துக்குடிப் பெண் மறுபடி நெருங்கினாள். கத்தியிருந்தால் அந்த இரைச்சலில் இவர் குரல் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவர் கத்திப் பார்க்கவும் இல்லை.

சட்டென்று கை நடுங்கியது. பழைய நடுக்கம், கட்டைவிரலில் ஆரம்பித்துத் தோள்வரை போயிற்று. விரல்களின் பிடி விட்டுப்போயிற்று. துண்டு நழுவிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ரெஃபரி ஓடிவந்து நடுவில் புகுந்து கையை விரித்தார். டெல்லிபாபு திரும்பிப் பார்த்தார். அமுலு எழுந்து நின்றுகொண்டிருந்தாள், கட்டைவிரல் ரிமோட்டின் மேல் இருந்தது.

மோனிஷா முதலில் அவரை அடிக்க வந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

தலைக்குள் லேசான இரத்தக் கசிவு என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே ஆறிவிடும், ஆனால் இனி ரிங் ஏறக்கூடாது. அந்த இடத்தில் இன்னொரு குத்து விழுந்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டாள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். செய்தி பரவியது. யார் கண்ணுக்கும் தெரியாத ஆபத்தைக் கண்டுகொண்டு, கைக்கெட்டிய தங்கத்தை விட்டுக்கொடுத்து ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய மாஸ்டர் என்று ஆளாளுக்குப் போனில் வீடியோவைச் சுற்றவிட்டார்கள். மச்சினன்கூட போன் பண்ணினார். டெல்லிபாபு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து நடக்கலாமா என்று நினைப்பார், எங்கே போவது என்றும் நினைப்பார், உடம்பு எழும்பாது.

ஹுமைரா அங்கேயே தேடி வந்தார். டெல்லிபாபு முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். டபாய்ப்பு, மச்சினன், கொசு, துண்டு. டாக்டர் முகம் வெளுத்துப் போய்க் கேட்டார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு உங்கள் மேல் இல்லை என்றார்.

"துண்டு வீசறதை நீங்க கருவிக்கு காட்டவே இல்லையே சார். தெரியாத அசைவை அது நிறுத்திடுச்சு. அவ்வளவுதான் விஷயம். நாங்கதான் கவனிச்சிருக்கணும்."

நல்ல பெண், ஆறுதலுக்குத்தான் சொன்னார். டெல்லிபாபுவும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் அந்த பேட்டரி நினைவுக்கு வந்தது. அதைப் பாய்ந்து பிடிப்பதையும்தான் அவர் யாருக்கும் காட்டவில்லை. முன்பின் தெரியாத டிரைவரின் காலுக்காகப் போன கை அது.

மறுபடி ஸ்கேன் எடுக்க மோனிஷாவைக் கூட்டிப்போனபோது அவரும் துணைக்குப் போனார். அந்தப் பக்கம் கருவியோடு வரக்கூடாது என்றதால் அமுலு அணைத்திருந்தாள். வார்டுக்குத் திரும்பிய பிறகும் அவள் அதைப் போடவில்லை. மோனிஷா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சண்டைக்காக இழுத்துப் பின்னிய பின்னல்களை யாரோ பிரித்துவிட்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எல்லாம் உன்ன சாமின்றாங்க" என்றாள். அவரை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "நான் அவ்ளோ சொல்லியும் போட்டுட்ட. என் வேலையும் போச்சு, ஆட்டமும் போச்சு. பரவால்ல, உயிரோட கீறேன். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நெஜமாவே நான்தான் முக்கியம்னு நெனச்சா போட்ட? என் தலைல கைய வச்சு சொல்லு."

டெல்லிபாபு தன் கையைப் பார்த்தார். மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. கருவி அணைந்திருந்தது. நடுங்குகிற கை எந்தத் தலைமேலும் போய் உட்காரும், எந்தச் சத்தியத்தையும் செய்யும். ஊர் சொல்வதையே சொல்லிவிட்டால் இந்தப் பெண் ஆயுசுக்கும் நம்புவாள். ஒரு பொய்தான், நல்ல பொய். அவருக்கு அழுகை வந்தது.

"அமுலு, அத்த போடு" என்றார்.

வேணாம்யா என்று அமுலு தலையாட்டினாள். அவர் மறுபடி போடச் சொன்னார். அவள் ரிமோட்டை அமுக்கினாள். கை அடங்கியது. டெல்லிபாபு கட்டில் பக்கம் நகர்ந்து, முழு மனசாத்தான் போட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையைத் தூக்கினார். அது அவள் தோள் உயரம் வரை போயிற்று. அங்கேயே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"பாத்துக்க" என்றார். குரல் எழும்பவில்லை, மோனிஷா முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. "அன்னிக்கும் இப்டித்தான் நின்னுச்சு. உன் கால் மாறி நின்னத பாத்துட்டேன். பாத்தும் கை போவல. அமுலுதான் இத்த அமுக்குனா, நடுக்கத்துல துண்டு உழுந்துச்சு. நான் போடல."

அமுலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மோனிஷா அந்தரத்தில் நின்ற கையை வெகுநேரம் பார்த்தாள். எத்தனையோ வருஷமாகக் குத்தி வந்த கை.

"அப்போ தங்கம் உனக்கும் வேணும்னு இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சும்மா."

"முகாம்ல அடிபட்டப்பவே நான் வாயத் தொறந்து சொல்லிருக்கணும். எனக்கும்தான் வேணும்னு இருந்துச்சு."

கை நின்ற இடத்திலேயே நின்றது, தோள் வலிக்க ஆரம்பித்தது, ஆனால் இறக்கவும் அவருக்கு மனது வரவில்லை. மோனிஷா போர்வையை விலக்கினாள். கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, எதிராளியின் கைக்குக் கீழே புகுகிற மாதிரி தலையைக் குனிந்து, அவர் உள்ளங்கைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள்.

டெல்லிபாபுவின் விரல்கள் மெதுவாக அவள் முடிக்குள் போயின. கலைந்து கிடந்ததைக் கோதிவிட்டன, மறுபடியும் கோதிவிட்டன. அந்த அசைவையும் அவர் கருவிக்கு ஒருநாளும் காட்டியதில்லை.